வீட்டில் நடந்த மரணம்: பிரேதப் பரிசோதனை எப்போது தேவை? முழுமையான வழிகாட்டி

எண்பது வயதுத் தாத்தா இரவு சாப்பிட்டுவிட்டுப் படுத்தார், காலையில் எழவில்லை. இன்னொரு வீட்டில் நாற்பது வயதுக்காரர் அதேபோல் படுத்தார், அதேபோல் எழவில்லை. இரண்டுமே வீட்டில் நடந்த மரணம்தான். முதல் வீட்டில் பத்து மணிக்குள் பந்தலும் ஐஸ் பெட்டியும் வந்துவிடும். இரண்டாவது வீட்டு வாசலில் நாலு பேர் தள்ளி நின்று, "ஸ்டேஷன்ல சொல்லணுமா, வேண்டாமா?" என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த நாலு பேரில் ஒருவராக நிற்க நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. சொல்லியிருப்பது தமிழ்நாட்டு நடைமுறை. அடிப்படைச் சட்டம் இந்தியா முழுவதற்கும் ஒன்றுதான்.

வீட்டில் இறந்தால் பரிசோதனை கிடையாது, ஆஸ்பத்திரியில் இறந்தால் உண்டு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. வயதானவர் என்றால் கிடையாது, இளவயது என்றால் உண்டு என்று இன்னொன்று. இடமும் வயதும் இதைத் தீர்மானிப்பதில்லை. தீர்மானிப்பவை இரண்டு கேள்விகள். இது நோயால், முதுமையால் வந்த இயற்கை மரணமா? அப்படியென்றால் அதைத் தெரிந்து எழுதித்தர ஒரு மருத்துவர் இருக்கிறாரா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் நேராக இறுதிச் சடங்குக்குப் போகலாம். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் கீழே உள்ளதைப் படியுங்கள்.

படி 1: உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்

உடல் சில்லிட்டு விறைத்துப் போயிருந்தால் குழப்பம் இல்லை. கொஞ்சம் சூடு இருந்தாலும், கண்ணெதிரே மயங்கி விழுந்திருந்தாலும், 108-ஐ அழையுங்கள். "ஜி.எச்.சுக்குக் கொண்டுபோனால் போஸ்ட்மார்ட்டம் பண்ணிடுவாங்க" என்று பயந்து ஒருவரைத் தரையிலேயே கிடத்திவைப்பதை நான் மன்னிக்க மாட்டேன். பிழைக்கும் வாய்ப்பு இருந்தால் மற்றக் கணக்கெல்லாம் பிறகு.

108 ஊழியர் நாடி பார்த்துவிட்டு 'இல்லை' என்று சொன்னால், அந்த வண்டியில் உடலை ஏற்ற மாட்டார்கள். அது உயிருள்ளவர்களுக்கான வண்டி. உடலை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அங்கே 'வரும்போதே உயிர் இல்லை' என்று எழுதினால், அநேகமாகக் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். அங்குள்ள மருத்துவர்களுக்கு நோயாளியைத் தெரியாது, காரணமும் தெரியாது. அதனால் அது இயல்பான நடைமுறையே தவிர உங்கள் மேல் சந்தேகம் அல்ல. கையில் பழைய சிகிச்சைக் கோப்பு இருந்தால் காட்டுங்கள். பல நேரம் அதுவே போதுமானதாக இருக்கும்.

படி 2: கையெழுத்துப் போட மருத்துவர் இருக்கிறாரா?

கடைசி நோயில் சிகிச்சை தந்த மருத்துவர்தான் இதில் முக்கியமான ஆள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969-இன்படி, மரணத்துக்கான காரணத்தை அவர் எழுதித்தர வேண்டும். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவமனைக்கு வெளியே நடந்த மரணத்துக்கு உரிய தாள் படிவம் 4ஏ. பத்து வருடமாகச் சர்க்கரை, சிறுநீரகம் என்று பார்த்துவந்த டாக்டர் வீட்டுக்கு வந்து உடலைப் பார்த்து, சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று உறுதிசெய்து அதை நிரப்பித் தந்துவிட்டால் பிரேதப் பரிசோதனைக்கு அவசியமே இல்லை. புற்றுநோய் முற்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், பக்கவாதத்தில் படுக்கையாகக் கிடந்தவர் எல்லாம் இந்த வகை.

சிக்கல், ஒருநாளும் டாக்டரிடம் போகாதவர் இறக்கும்போது வருகிறது. தெருமுனை கிளினிக்கில் போய், "ஹார்ட் அட்டாக்னு எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று கேட்பார்கள். உயிரோடு ஒருமுறைகூடப் பார்க்காத ஆளுக்கு அவர் எழுதித்தரக் கூடாது. தந்தால் அவருக்கும் ஆபத்து, பின்னால் உங்களுக்கும் ஆபத்து. 'இதயம் நின்றது' என்று மட்டும் எழுதுவதும் வெறும் சடங்கு. இறந்த எல்லோருக்கும் இதயம் நின்றுதான் போகிறது. ஏன் நின்றது என்பதைத்தான் படிவம் கேட்கிறது.

கிராமங்களில் டாக்டர் சான்று இல்லாமலேயே மரணம் பதிவாகிவிடுவது சகஜம். இந்திய அளவில் பதிவாகும் மரணங்களில் கால்வாசிக்கும் குறைவானவற்றுக்கே மருத்துவர் காரணம் எழுதியிருக்கிறார். ஊரே அறிய நோயில் கிடந்த பாட்டிக்கு அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. நகரத்தில் அப்படி நடக்காது. மயானத்திலேயே தாளைக் கேட்பார்கள்.

படி 3: எந்தெந்த மரணங்களுக்குப் பரிசோதனை?

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இருக்கிறது. முன்பு 174 என்று எல்லோரும் சொன்ன பிரிவுதான் இப்போது 194. இன்னும் ஸ்டேஷனில் "174 போட்டிருக்கோம்" என்றுதான் பேசுவார்கள், திகைக்க வேண்டாம். தற்கொலை, கொலை, விபத்து, விலங்கு அல்லது இயந்திரத்தால் நேர்ந்த சாவு, குற்றம் நடந்திருக்கலாம் என்று நியாயமான சந்தேகம் தரும் சாவு ஆகியவற்றைப் போலீஸ் விசாரித்தாக வேண்டும். சாவின் காரணத்தில் ஐயம் இருந்தால் உடலைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அதை நம் வீட்டு மொழியில் சொன்னால்: மாடிப்படியில் விழுந்தவர், மோட்டார் போடப் போய் மின்சாரம் தாக்கியவர், பாம்பு கடித்தவர், தீப்பட்டவர், கிணற்றில் விழுந்தவர், நஞ்சு உள்ளே போனவர், உடலில் காயமோ நெரித்த தடமோ இருப்பவர், பூட்டிய வீட்டில் சில நாள் கழித்துக் கண்டெடுக்கப்பட்டவர், ஆரோக்கியமாக இருந்து காரணமே தெரியாமல் திடீரென்று போனவர்.

பலரும் தவறவிடுவது பழைய விபத்தைத்தான். பைக்கில் இருந்து விழுந்து தலையில் அடி. தனியார் மருத்துவமனையில் மூன்று வாரம். பணம் கரைந்ததும், "வீட்டுலயே வச்சுப் பாத்துக்கிறோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிவருகிறார்கள். ஒரு மாதம் கழித்து வீட்டுக் கட்டிலில் உயிர் போகிறது. உறவினர் கண்ணில் இது 'படுக்கையில் கிடந்து போன' மரணம். சட்டத்தின் கண்ணில் இது சாலை விபத்து மரணம். அடக்கம் முடிந்த பிறகு இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டால், எதிர்த் தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, "விபத்தால்தான் இறந்தார் என்பதற்கு என்ன சான்று?" என்பதாகவே இருக்கும். முதல்நாள் ஆஸ்பத்திரியில் பதிந்த ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியும் டிஸ்சார்ஜ் சம்மரியும் காயத்தைச் சொல்லும்; காயத்துக்கும் சாவுக்கும் உள்ள தொடர்பைப் பிரேதப் பரிசோதனைதான் சொல்லும். குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்து, படுத்த படுக்கையாகி, நிமோனியா வந்து இறந்த பாட்டியும் கண்டிப்பாகப் பார்த்தால் இதே வகைதான். அங்கே டாக்டரிடம் விழுந்த விஷயத்தை மறைக்காமல் சொல்லி, போலீசுக்குத் தெரிவிக்க வேண்டுமா என்று அவரையே கேட்பது நல்லது.

திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் இறந்தால் சட்டம் தனியாக ஒரு கண் வைக்கிறது. அது தற்கொலை என்றாலோ, சந்தேகம் தரும் சூழலில் நடந்தது என்றாலோ, ஒன்றுமே இல்லாமல் அவளுடைய உறவினர் ஒருவர் கேட்டுக்கொண்டாலோ உடல் பரிசோதனைக்குப் போகும். "பிறந்த வீட்டுக்காரங்க சும்மா பிரச்சனை பண்றாங்க" என்று யாரும் தட்டிவிட முடியாது. கேட்பது அவர்கள் உரிமை. தற்கொலையிலும் சந்தேக மரணத்திலும் போலீஸ் விசாரணையோடு நிர்வாக நடுவர் விசாரணையும் உண்டு. ஊரில் 'ஆர்.டி.ஓ. விசாரணை' என்பது இதுதான். தாய், தந்தை, அக்கம்பக்கத்தார் எல்லோரையும் கோட்டாட்சியர் தனித்தனியாகக் கேட்பார். இத்தகைய மரணத்தில் பெண்ணின் வீட்டார் வந்து சேரும் முன் அடக்கத்துக்கு அவசரப்படுத்துகிறார்கள் என்றால், அதை நிறுத்த விரைவான வழி 112-க்கு ஒரு அழைப்பு.

தற்கொலையை மறைக்கும் குடும்பங்களிடம் ஒன்று. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்ப்பதைக் கைவிட்டுவிட்டது. புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைத் தண்டித்த அந்தப் பழைய பிரிவே இல்லை. குடும்பத்துக்கு இதில் சட்ட அவமானம் கிடையாது. 'வயிற்று வலி' என்று சொல்லி மூடுவதால் பின்னால் கேள்விகள்தான் பெருகும். அந்த வீட்டில் உடைந்து போயிருக்கும் வேறு யாருக்காவது துணை தேவைப்பட்டால் 104 அல்லது 14416 என்ற உதவி எண்ணில் பேசலாம்.

குழந்தைகள் விஷயத்தில் என் கருத்து கறாரானது. தூங்கிய குழந்தை காரணமின்றி எழவில்லை என்றால், யாரும் வற்புறுத்தாவிட்டாலும் நீங்களே பரிசோதனை கேளுங்கள். பிறவி இதயக் கோளாறோ பரம்பரை நோயோ இருந்தால் அடுத்த குழந்தைக்கு அது தெரிந்தாக வேண்டும். நாற்பது வயதில் திடீரென்று போன அப்பாவின் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

படி 4: சந்தேகம் என்றால் எதையும் தொடாதீர்கள்

நம் கை தானாகவே செய்யும் வேலைகள் இருக்கின்றன. குளிப்பாட்டுவது, வேட்டி மாற்றுவது, வாந்தி எடுத்த பாயைச் சுருட்டி எறிவது, டம்ளரைக் கழுவி வைப்பது. சந்தேக மரணத்தில் இவை எதுவும் கூடாது. சுருக்கு மாட்டியவரை உயிர் இருக்கும் நம்பிக்கையில் இறக்கியிருந்தால் தவறில்லை; கயிற்றின் முடிச்சை அவிழ்க்காமல் வேறிடத்தில் அறுத்திருந்தால் நல்லது, நடந்ததை அப்படியே போலீசிடம் சொல்லுங்கள். மருந்து அட்டை, பாட்டில், கடிதம், செல்போன் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். தெரிந்தே தடயத்தை அழிப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 238-ஆம் பிரிவில் குற்றம்.

ஐஸ் பெட்டியில் வைக்கலாம். ஆனால், "மகன் துபாயிலிருந்து வரணும்" என்று எம்பாமிங் செய்துவிடாதீர்கள். ரசாயனம் ஏற்றிய உடலில் பல நஞ்சுகளைக் கண்டுபிடிப்பதே கடினமாகிவிடும். முதலில் பரிசோதனை, பிறகு எம்பாமிங்.

படி 5: போலீஸ் வந்த பிறகு

குடும்பத்தில் ஒருவர் புகார் மனு எழுதித் தர வேண்டும். அது யார் மேலும் குற்றம் சாட்டும் தாளாக இருக்க வேண்டியதில்லை. கடைசியாக உயிரோடு பார்த்தது எப்போது, எந்த நிலையில் கண்டது, என்ன நோய், என்ன மருந்து என்று கண்டதை மட்டும் எழுதினால் போதும். ஸ்டேஷன் ரைட்டர் எழுதிவைத்த வாசகத்தில் 'சாவில் சந்தேகம் எதுவும் இல்லை' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு உண்மையில் சந்தேகம் இல்லையென்றால் கையெழுத்திடுங்கள். 'காரணம் தெரியவில்லை' என்பதுதான் உண்மை என்றால் அப்படியே எழுதச் சொல்லுங்கள். அசதியில் போட்ட கையெழுத்து ஆறு மாதம் கழித்துக் கோர்ட்டில் எழுந்து நிற்கும்.

அடுத்து பிரேத விசாரணை. அந்தப் பகுதியில் மதிப்புள்ள இரண்டு பேராவது பஞ்சாயத்தாராக இருக்க வேண்டும். வழக்கத்தில் நாலைந்து பேரை உட்காரவைப்பார்கள். அவர்கள் முன்னிலையில் உடலைத் திருப்பிப் பார்த்து, காயம், தடயம், உடை எல்லாம் குறித்து அறிக்கை எழுதுவார்கள். இந்த அறிக்கை 24 மணி நேரத்துக்குள் மாவட்ட அல்லது கோட்ட நடுவருக்குப் போக வேண்டும் என்பது புதிய சட்டத்தில் வந்த கெடு. பெண்ணின் உடல் என்றால் பெண் உறவினர் ஒருவர் உடனிருப்பதைக் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

படி 6: மார்ச்சுவரியில்

அங்கே மணிக்கணக்கில் காத்திருப்பது பெரும்பாலும் அறுவைக்காக அல்ல, காகிதத்துக்காக. போலீசின் கோரிக்கைக் கடிதமும் விசாரணை அறிக்கையும் மருத்துவர் கைக்கு வந்தால்தான் உடலைத் தொடுவார். ஆகவே காலையிலேயே ஸ்டேஷனில் ஒருவர் உட்கார்ந்து, தாளோடு காவலரை அனுப்பிவைப்பதுதான் வேகமான வழி. அன்றே அடக்கம் செய்ய வேண்டும் என்ற மத வழக்கம் இருந்தால் அதை ஆய்வாளரிடமும் மருத்துவரிடமும் முதலிலேயே சொல்லுங்கள். முடிந்தவரை முன்னால் எடுப்பார்கள். சூரியன் மறைந்த பிறகும் வசதியுள்ள மருத்துவமனைகளில் செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்தது. ஆனால் கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, அழுகிய உடல், சந்தேக மரணம் ஆகியவற்றுக்கு அது பொருந்தாது. சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

உள்ளே நடப்பதைப் பற்றி வெளியே உலவும் கதைகள் பயங்கரமானவை. தலை, நெஞ்சு, வயிறு மூன்றையும் திறந்து பார்ப்பார்கள். உறுப்புகளைப் பார்த்து, எடை போட்டு, திரும்ப உள்ளே வைத்துத் தைத்துத் துணி சுற்றித் தருவார்கள். முகம் பார்க்கலாம். 'கிட்னியை எடுத்துட்டாங்க' என்ற வதந்திக்கு மூலம் ஒன்று உண்டு: நஞ்சு சந்தேகம் இருந்தால் இரைப்பை, சிறுகுடலின் ஒரு பகுதி, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் துண்டுகளை ஜாடிகளில் உப்புக் கரைசலில் போட்டு, ரத்தத்தைத் தனியாக எடுத்து, முத்திரையிட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். செத்துச் சில மணி நேரமான சிறுநீரகத்தை யாருக்கும் பொருத்த முடியாது.

இந்தியாவில் பதிவான முதல் சட்டமுறைப் பிரேதப் பரிசோதனையாகச் சொல்லப்படுவது நம் சென்னையில் நடந்ததுதான். 1693 ஆகஸ்ட் 28 அன்று, வீலர் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் உடலை எட்வர்ட் பல்க்லி என்ற மருத்துவர் திறந்து பார்த்தார். ஆர்செனிக் நஞ்சோ என்ற சந்தேகம். முந்நூறு ஆண்டு கழித்தும் ஜாடிகள் போவது அதே கேள்வியோடுதான்.

அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணம் இல்லை. 'துணி வாங்க', 'டீ செலவுக்கு' என்று கேட்கும் கைகள் இருக்கும். கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உடலைக் கொண்டுபோக இலவச அமரர் ஊர்தியை 155377-இல் கேட்கலாம்.

கண் தானம் செய்ய விரும்பினால் ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கியை அழையுங்கள். போலீஸ் வழக்கு என்றாலும் அனுமதியோடு எடுக்கலாம். உடல் தானம் அப்படியல்ல. அறுத்துப் பார்த்த உடலை மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறை பொதுவாக ஏற்பதில்லை.

"வேண்டாம்" என்று சொல்ல முடியுமா?

போலீஸ் கோரும் பரிசோதனைக்கு உங்கள் சம்மதம் தேவையில்லை; மறுப்பும் செல்லாது. எம்.எல்.ஏ.வைக் கூட்டிவந்து ஸ்டேஷனில் பேசுவது நம் ஊரில் பழக்கம். சாவில் உண்மையிலேயே ஐயமில்லை என்று விசாரணையில் தெரிந்தால் அதிகாரி தானே உடலை ஒப்படைக்கலாம்; சிகிச்சைக் கோப்பு அங்கே சிபாரிசைவிட அதிகம் உதவும். நேர்மாறாக, மருத்துவர்கள் நோயை அறிவதற்காகக் கேட்கும் பரிசோதனைக்கு உங்கள் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும். அதற்கு நீங்கள் தாராளமாக மறுக்கலாம்.

மறைத்து அடக்கம் செய்துவிட்டால்? புதைத்த உடலை நிர்வாக நடுவர் உத்தரவில் தோண்டியெடுத்துப் பார்க்கலாம். தாசில்தார் முன்னிலையில் இடுகாட்டிலேயே பரிசோதனை நடந்த சம்பவங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். எரித்துவிட்டால் பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் வழக்கு எரிந்து போகாது. ஏன் அவ்வளவு அவசரம் என்ற கேள்வியே சந்தேகமாகும்.

படி 7: தாள்களைச் சேர்த்து வையுங்கள்

பிரேதப் பரிசோதனைச் சான்று காவல் நிலையத்துக்குப் போகும். நகலை அங்கே, அல்லது நீதிமன்றம் வழியாக, நெருங்கிய உறவினர் பெறலாம். 'ஆய்வக அறிக்கை வந்தபின் இறுதிக் கருத்து' என்று இருந்தால் பயப்படாதீர்கள். ஜாடிகளின் முடிவு வர மாதங்கள் ஆகலாம். எஃப்.ஐ.ஆர். நகலை மட்டும் அன்றே வாங்கிவிடுங்கள். புகார் கொடுத்தவருக்கு அது இலவசம்.

பணம் சம்பந்தப்பட்ட இடங்களில் இந்த இரண்டு தாளும்தான் பேசும். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் சேர்ந்திருந்தவர் எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய். பிரதமரின் சுரக்ஷா காப்பீட்டில் விபத்துச் சாவுக்கு மட்டும் 2 லட்சம். விபத்து என்று நிரூபிக்க வேண்டும். மின்னல் தாக்கி இறந்தவர் குடும்பத்துக்குப் பேரிடர் நிதியிலிருந்து 4 லட்சம். அதற்கும் சான்று கேட்பார்கள். பரிசோதனை செய்யாவிட்டால், வெட்டவெளியில் இறந்து கிடந்தவர் மேல் மின்னல் விழுந்ததா மாரடைப்பா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

கடைசியாக இறப்புப் பதிவு. 21 நாளுக்குள், நடந்த இடத்துப் பதிவாளரிடம். கிராமம் என்றால் வி.ஏ.ஓ.; நகரம் என்றால் நகராட்சி, மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவு. ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். பதிவு தனி, காரணம் தனி. 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு முடியும். அதற்கு மேல் ஓராண்டு வரை எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். ஓராண்டைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் அல்லது ஆட்சியர் அதிகாரமளித்த நிர்வாக நடுவரின் உத்தரவு வேண்டும். கைக்கு வரும் இறப்புச் சான்றிதழில் மரணக் காரணம் அச்சாகியிருக்காது; சட்டமே அதைச் சேர்க்கக் கூடாது என்கிறது. அதனால் காப்பீட்டு அலுவலகம் காரணம் கேட்கும்போது காட்ட, டாக்டர் தந்த படிவம் 4ஏ-யின் நகலையோ பிரேதப் பரிசோதனைச் சான்றின் நகலையோ தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.